தெருப்பக்கம் தொங்கிய பூ

பூ பூத்துவிட்டது. பார்க்க வேண்டியவளைத் தவிர சூலியா தெருவே அதைப் பார்த்துவிட்டது.

துறைமுகத்தில் கணக்கு எழுதும் கிராணி வேலை பார்த்த ஹனீபா அந்தத் தெருவில் ஒரு கடையின் மாடியில் குடியிருந்தான். பிறந்த குழந்தை மூன்றாம் நாளே போய்விட்டதிலிருந்து அவன் மனைவி ஹாஜரா மாடியை விட்டு இறங்கவில்லை. கட்டிலில் படுத்தபடி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பாள். வெறும் வானத்தை எத்தனை நாள் பார்ப்பாள் என்று, ஹனீபா ஒரு தேயிலைப் பெட்டியை அறுத்து ஜன்னலுக்கு வெளியே பொருத்திப் பத்துமணிப் பூச்செடி வைத்தான். படர்ந்து தொங்கும், வெயிலைத் தாங்கும், தண்ணீர் அதிகம் கேட்காது என்று பசாரில் செடி விற்ற சீனர் சொல்லியிருந்தார்.

வெளிச்சம் இருக்கும் பக்கம்தான் தொங்கும் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. செடி தெருப்பக்கம் ஒரு முழம் இறங்கிச் சிவப்புச் சிவப்பாகப் பூத்தது. கட்டிலிலிருந்து பார்த்தால் பெட்டியின் பலகைதான் தெரிந்தது.

ஹனீபா பெட்டியைத் திருப்பி வைத்தான். சில நாளில் நுனிகள் எல்லாம் மறுபடி தெருவை எட்டிப் பார்த்தன. உள்ளே கொண்டுவந்து கட்டிலருகே வைத்தான். பூ விரிய மறுத்தது, எறும்பு மட்டும் வந்தது. ஒழுகிய தண்ணீரில் மெத்தை நனைந்து ஹாஜரா பாயில் படுத்தாள்.

கடைசியில் பெட்டியைப் பழையபடி வெளியே மாட்டி, பூ தெரியும்படி ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்துக் கட்டினான். ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வெயில் கண்ணாடியில் பட்டு, கீழே ரிக்‌ஷா இழுத்து வந்தவரின் கண்ணில் அடித்தது. ரிக்‌ஷா நேரே பழக்கூடைகளுக்குள் போய் நின்றது. சவாரி வந்த பெரியவர் மடியில் ஓர் அன்னாசிப்பழத்தோடு மாடியை நிமிர்ந்து பார்த்தார்.

ஹனீபா ஓடிப்போய் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டு, நசுங்கிய பழங்களையும் வாங்கிக்கொண்டு மேலே வந்தான். கட்டில் ஓரம் உட்கார்ந்தான்.

"என்னால உனக்கு ஒரு பூவைக் காட்ட முடியல, ஹாஜரா."

அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று எண்ணியவனுக்கு மனம் விட்டுப்போயிற்று.

பெட்டியைக் கழற்றித் தூக்கிக்கொண்டு, எதிர்க்கடையின் அஞ்சடி நடைபாதையில் ஆப்பம் சுட்டு விற்கும் ஆசியா பீவியிடம் போனான். அந்தப் பூவை வாய் ஓயாமல் புகழ்கிறவர் அவர்தான். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், அவள் பார்க்காத பூ எனக்கு எதற்கு என்றான்.

ஆசியா பீவி ஆப்பச்சட்டியை மூடிவிட்டு அவன் பக்கம் திரும்பினார்.

"இருந்த இடத்துலயே கொண்டுபோயி மாட்டு தம்பி. நீ வேலைக்குப் போனதும் ஹாஜரா தினம் இறங்கி வந்து, என் பக்கத்துல உக்காந்து அதைத்தான் பாத்துக்கிட்டிருக்கு. 'மச்சான்கிட்ட சொல்லிடாதீங்கக்கா, எனக்காக அவரு படுற பாடு பூவைவிட அழகா இருக்கு'ன்னுச்சு."