சின்னண்ணன் குளிப்பாட்டிய பீரோ

பீரோவின் கதவில் தோல் உரிந்து தொங்கியது. சின்னண்ணன் அதை விரலால் அழுத்திப் பார்த்தார். விரலை எடுத்ததும் மறுபடி தொங்கியது.

"ஏனுங்க, பீரோவைத் தொடைக்கத்தானே சொன்னேன்?" என்றாள் அவர் மனைவி முத்தாயம்மாள்.

துடைத்தால் போதாது என்று அவருக்குப் பட்டிருந்தது. பொங்கலுக்குக் காளையைக் குளிப்பாட்டுவதுபோல நாலு குடம் தண்ணீர் ஊற்றி, வைக்கோலால் அழுந்தத் தேய்த்துவிட்டார். காளையென்றால் பளபளத்திருக்கும். பீரோ உரிந்துபோயிற்று. உள்ளே வெறும் மாமரப் பலகை. அதன்மேல் வெற்றிலை கனத்துக்கு ஈட்டி மரத்தைச் சீவி ஒட்டியிருந்தார்கள்.

"சேலம் ஏலத்துல எடுத்தது. மயில் செதுக்கின தொரையூட்டுப் பீரோ, உள்ளேயும் வெளியேயும் ஒரே ஈட்டி" என்று எட்டூரிலும் பீற்றித் திரிந்த மனிதர் அவர். மகள் சௌந்திரத்துக்கு அதைத்தான் சீராகக் கொடுப்பதாகத் தரகரிடம் சொல்லியும் அனுப்பிவிட்டார். ஜேடர்பாளையத்துக் கைலாசம், மாப்பிள்ளையின் அப்பா, சாயங்காலம் வந்து சம்மதம் சொல்வதாக ஏற்பாடு. தேர்க்கூட்டத்தில் பையனைப் பார்த்த நாளிலிருந்து சௌந்திரம் தானாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். இந்த இடம் தட்டிப்போனால் அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

"ஆசாரியைக் கூப்புடுங்க. வச்சிரம் காய்ச்சி ஒட்டித் தருவாரு."

"கூப்புட்டா ஊருக்கே தெரிஞ்சுபோயிரும். நானே ஒட்டறேன், நகரு புள்ளே."

மத்தியானத்துக்குக் கிண்டிவைத்த கேழ்வரகுக் களியைக் கரைத்துப் பூசினார். ஒட்டவில்லை. சூடு பட்டால் பிடிக்குமென்று கரி போட்ட இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தார். கதவு முழுக்க முத்து முத்தாகக் கொப்பளம் கிளம்பியது. கோணி ஊசியால் ஒவ்வொன்றாகக் குத்தினார். குத்திய இடமெல்லாம் வெளுத்துத் தெரியவே விளக்கெண்ணெய் தடவினார்.

"இனித் தாளிச்சுக் கொட்டறதுதானுங்க பாக்கி" என்றாள் முத்தாயம்மாள்.

களி வாசத்துக்கு வாசலிலிருந்து எறும்பு சாரை பிடித்து வந்தது. மஞ்சள் தண்ணீர் தெளித்தார். வாசல் நிலையில் கொத்துக் கொத்தாக வேப்பிலை செருகினார். அப்படியும் பீரோவைக் கண்கொண்டு பார்க்க முடியவில்லை. முத்தாயம்மாளின் இளம்பிள்ளைத் தறிச் சேலை ஒன்றை எடுத்து அதற்குச் சுற்றிவிட்டார்.

சேலையைச் செருகி முடிக்குமுன் வாசலில் வண்டி வந்து நின்றது. இறங்கிய கைலாசம் வேப்பிலையைக் கண்டதும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"ஊட்டுல ஆத்தா வந்திருக்குதுங்களா? அப்பப் பேச்சு வேண்டாமுங்க, இன்னொரு நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று வண்டிப் பக்கம் திரும்பினார்.

அம்மை கண்ட வீட்டில் கல்யாணப் பேச்சு ஏது? ஆமாம் என்று தலையாட்டினால் பீரோவின் மானம் தப்பும், சம்பந்தம் போய்விடும். கதவுக்குப் பின்னால் சௌந்திரம் விசும்புவது கேட்டது. போதுமடா சாமி இந்த வீறாப்பு என்று சின்னண்ணன் ஓடிப்போய் வண்டியை மறித்தார்.

"ஆத்தாளும் இல்ல, ஒண்ணும் இல்லீங்க! ஊட்டுல எல்லாரும் சௌக்கியம். பீரோவுக்குத்தானுங்க கொப்பளம்! ஒரே ஈட்டின்னு நான் பீத்திக்கிட்டதெல்லாம் பொய்யாப் போச்சு. நானே குளிப்பாட்டி, களி பூசி, தீச்சுக் கெடுத்துப்போட்டேன். இனி அதைச் சீராக் குடுக்க முடியாதுங்க. பொண்ணை மட்டும் ஏத்துக்குங்க!"

கைலாசம் துண்டால் முகத்தைத் துடைத்தார். வியர்வை நின்றபாடில்லை.

வண்டியோட்டி மாதையன்தான் மூக்கணாங்கயிற்றை விட்டுவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டான்.

"தப்பிச்சோமுங்க பெரியவரே! நாம ஒட்டி ஒட்டிச் சலிச்சு, தொரையூட்டுதுன்னு சொல்லி ஏலத்துல தள்ளிவுட்ட சனியன், சீரோட திரும்பி வந்துருமோன்னு வழியெல்லாம் பொலம்பிக்கிட்டு வந்தீங்களே!"