கண்ணாடி அண்ணன் கட்டிய கம்ப்யூட்டர் பஸ்

முன்னால் பார்க்காமல் முப்பத்தோரு வருடம் பஸ் ஓட்டி, ஒரு கோழியைக்கூட அடிக்காத மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் பெரம்பலூரில், எங்கள் தெருவில், என் வீட்டுக்கு ஏழு வீடு தள்ளி இருக்கிறார். பெயர் கண்ணாடி. ரேஷன் கார்டில் வேறு ஏதோ பெயர் இருக்கக்கூடும். அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

மூக்குக் கண்ணாடி போட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். பஸ்ஸில் டிரைவர் தலைக்கு மேலே, பயணிகளைப் பார்ப்பதற்கென்று நீளமாக ஒரு கண்ணாடி இருக்குமே, அதைப் பார்த்தே ஓட்டுவார். பெரம்பலூரிலிருந்து அரியலூர் வழியாக ஜெயங்கொண்டம் போகும் எட்டேகால் மணித் தனியார் பஸ். எதிரே மலை மாதிரி சிமெண்ட் லாரி வரும். எங்களுக்கு உயிர் போய்த் திரும்பி வரும். அவர் பாட்டுக்கு அண்ணாந்து பார்த்து, "நர்சம்மா, நேத்து ஏன் வரல? மேலுக்கு முடியலையா?" என்று விசாரித்துக்கொண்டிருப்பார். லாரி எப்படியோ ஒதுங்கிப் போயிருக்கும்.

எனக்கு அப்போது அரியலூரில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. பதினோரு வருடம் அந்த பஸ்ஸில் மூன்றாவது வரிசை, ஜன்னலோரம். வண்டி ஊரை ஒட்டிய துறைமங்கலம் தாண்டுவதற்குள் தூங்கிவிடுவேன். அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குள் நுழையும்போது ஹாரனை இரண்டு தடவை சின்னதாகத் தட்டுவார். ரோட்டில் ஆடு மாடு எதுவும் நிற்காது. அது எனக்கான ஹாரன். கண் விழித்தால் கண்ணாடிக்குள்ளிருந்து, "சார், எறங்குங்க. ஆபீஸ் வந்துருச்சு" என்பார்.

வீட்டிலும் இதே கதைதான். எதிரே நிற்கும் ஆளிடம் நேராகப் பேச அவருக்கு வராது. கூடத்துச் சுவரில் பழைய பஸ் கண்ணாடி ஒன்றை மாட்டி, அதற்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். பேச வேண்டுமானால் நாம் அவர் முதுகுக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும்.

"கல்யாணமாயி இருவத்தெட்டு வருசம் ஆச்சு தம்பி. எம் மூஞ்சிய நேரா பாத்து ஒரு வார்த்த பேசுனதில்ல. பின்னாடி போயி நின்னா மட்டும், சாப்புட்டியான்னு கேக்குறாரு" என்பார் அவர் மனைவி மலர்க்கொடி அக்கா.

அப்படிப்பட்டவரின் இடது காலில் இரண்டு விரல்களைச் சர்க்கரை வியாதி கொண்டுபோயிற்று. கிளட்ச் மிதிக்கிற கால். இனி பஸ் கூடாது என்று டாக்டர் சொன்னார். முதலாளி மாலை போட்டு அனுப்பிவைத்தார். புதிதாக வந்த டிரைவர் ரோட்டை மட்டும் பார்த்து ஒழுங்காக ஓட்டினார். முதல் வாரத்திலேயே நான் மூன்று முறை ஜெயங்கொண்டத்தில் கண் விழித்தேன். நாலாவது முறை மேலதிகாரி மெமோ கொடுத்தார். மாற்றல் வாங்கிக்கொண்டு பெரம்பலூருக்கே வந்துவிட்டேன்.

மாற்றல் கிடைக்காத ஆள் கண்ணாடிதான். மூன்று வருடமாக அதே கூடம், அதே நாற்காலி. ஒரு நாள் போய் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றேன்.

"இதுல எம் மூஞ்சி மட்டுந்தான் சார் தெரியுது. எவ்வளவு நேரந்தான் அதையே பாக்குறது? சகிக்கல" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் என்னவோ போல் ஆகிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் மைத்துனர் மகள் கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்கத் திருச்சி போனார். ஜவுளிக்கடை மாடியில் முகத்தில் ஒரு பெட்டியைக் கட்டிக்கொண்டு ஆட்கள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே அலறிக்கொண்டிருந்தார்களாம். வி.ஆர். ஹெட்செட். மாட்டினால் நாம் வேறு ஏதோ ஓர் இடத்தில் இருப்பதுபோலவே தெரியும். இவரும் மாட்டிக்கொண்டு பாதாளத்தில் விழுந்து எழுந்தார். எழுந்ததும் கேட்ட முதல் கேள்வி: "இதுல பஸ்சு உண்டா?"

உண்டு என்று சொல்லிவிட்டான் கடைக்காரன். அதற்கு நல்ல கம்ப்யூட்டர் வேண்டும், பார்ட்ஸ் பார்த்து வாங்கி நாமே அசெம்பிள் செய்துகொள்ளலாம் என்றும் சொல்லியிருக்கிறான். புடவை எடுக்கப் போன இடத்தில் மனிதருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது.

"சேசிஸ் வாங்கி பாடி கட்டுற மாதிரிதானே சார்? நமக்குத் தெரியாததா?" என்றார் என்னிடம்.

தெரிந்தவர் என்ன செய்ய வேண்டும்? முதலில் சேசிஸ் பார்க்க வேண்டும். இவர் முதலில் பாடியை வாங்கி வந்துவிட்டார். கம்ப்யூட்டரின் வெளிப்பெட்டி, வெறும் கேபினட். உள்ளே ஒரு திருகாணிகூடக் கிடையாது. ஏன் இதை எடுத்தீர்கள் என்று கேட்டேன். அதை என் பக்கம் திருப்பினார். ஒரு பக்கம் முழுக்கக் கறுப்புக் கண்ணாடி. அதில் நான் தெரிந்தேன், எனக்குப் பின்னால் மலர்க்கொடி அக்கா தலையில் அடித்துக்கொள்வதும் தெரிந்தது.

கேபினட்டைத் தூக்கிக்கொண்டு பழைய பஸ் ஸ்டாண்டு அருகே நசீமாவின் கம்ப்யூட்டர் கடைக்குப் போனோம். நசீமா கெட்டிக்காரப் பெண். செத்த கம்ப்யூட்டரையும் எழுப்பி நடக்க வைக்கும். கண்ணாடி உள்ளே நுழைந்ததும், வழக்கம்போல அந்தப் பெண்ணுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கடையின் கண்ணாடிக் கதவைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். நசீமா என் பக்கம் குனிந்து, "மாஷா அல்லா, பொம்பளைங்க மொகத்தப் பாக்காம பேசுறாரே, என்னா மரியாத!" என்று மெல்லச் சொல்லிற்று. விளக்கம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பார்ட்ஸ் தேர்வு தொடங்கியது. பிராசஸர் என்றால் இன்ஜின், ரேம் என்றால் சீட்டு, கரண்ட் கொடுக்கிற எஸ்.எம்.பி.எஸ். என்றால் டீசல் டேங்க் என்று அவரே பெயர் வைத்துக்கொண்டார்.

"இன்ஜின் சூடாகுமே தங்கச்சி, ரேடியேட்டர் இல்லாம எப்புடி?" என்றார்.

"இருக்குண்ணே. தண்ணி ஓடுற மாதிரி ரேடியேட்டரே வச்சு வருது" என்றது நசீமா.

கதவுக் கண்ணாடியில் என்னைப் பார்த்து ஒரு பார்வை பார்த்தார். எனக்குத் தெரியாததா என்கிற பார்வை.

அடுத்து ஸ்டியரிங். "கிளட்ச் இல்லாத செட்டு எடுத்துக்கங்கண்ணே. உங்க காலுக்கு சௌகரியம்" என்று நசீமா நல்லெண்ணத்தோடுதான் சொன்னது. "கிளட்ச் இல்லாத வண்டிய கொழந்தைங்க ஓட்டலாம்" என்று சொல்லி மூன்று பெடல் செட்டையே எடுத்தார். இடது காலுக்கு பதில் கைத்தடியை ஊன்றி கிளட்சை அமுக்கிக் காட்டினார். நன்றாகவே அமுங்கியது.

பிரச்சினை, படம் காட்டுகிற கிராபிக்ஸ் கார்டில் வந்தது. கடையில் இருந்த பழைய கம்ப்யூட்டரில் ஹெட்செட்டை மாட்டி, ஏதோ வெளிநாட்டு மலைப்பாதையில் ஒரு பஸ்ஸை ஓட்டிப் பார்க்கச் சொன்னது நசீமா. இங்கே ஒன்று சொல்ல வேண்டும். வாந்தி எடுக்கும் பயணிகளைக் கண்டால் கண்ணாடிக்கு ஆகவே ஆகாது. "வெளிய! ஜன்னலுக்கு வெளிய!" என்று பஸ்ஸே அதிரக் கத்துவார். முப்பத்தோரு வருடம் கத்திய அந்த மனிதருக்கு இரண்டாவது வளைவிலேயே குமட்டிக்கொண்டு வந்தது. பழக்க தோஷம், உள்ளே தெரிந்த ஜன்னலுக்கு வெளியே ஒழுங்காகத் தலையை நீட்டினார். அந்த நாட்டு வண்டியில் டிரைவர் ஜன்னல் இடது பக்கம். இடது பக்கம் நான் உட்கார்ந்திருந்தேன்.

நான் சட்டையை அலசிக்கொண்டு வருவதற்குள் நசீமா காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டது. "நீங்க தலைய திருப்புறீங்க, படம் பின்னாடியே லேட்டா வருது. அதான் கொமட்டுது. கார்டுக்கு இழுவை பத்தலண்ணே. பஸ்ல இருக்குற ஆளுங்கள எடுத்துட்டா இந்தக் கார்டே ஓடும்."

"காலி வண்டிய ஷெட்டுக்குத்தான் தங்கச்சி ஓட்டுவாங்க."

"அப்ப இன்னொண்ணு செய்யலாம். மேல இருக்குற கண்ணாடிதான் பாதி இழுவைய இழுக்குது. அத மட்டும் ஆஃப் பண்ணிட்டா..."

கண்ணாடி எழுந்தார். தடியை எடுத்தார். வெளியே போய்விட்டார். "யா அல்லா, நா என்னா தப்பா சொல்லிட்டேன்?" என்று நசீமா திகைத்துப்போனது. அப்போதுதான் அந்தப் பெண்ணுக்கு எல்லாக் கதையையும் சொன்னேன். கேட்டுவிட்டுத் தானே வெளியே போய், டீக்கடை வாசலில் நின்றிருந்தவரின் முதுகுக்குப் பின்னால், அங்கே நிறுத்தியிருந்த பைக்கின் கண்ணாடியில் தெரிகிற மாதிரி நின்றது.

"கண்ணாடி இருக்கும்ணே. ஆளுங்களும் இருப்பாங்க. வாங்க" என்றது.

திரும்பி வந்தவர் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு இன்னொரு முறை மாட்டினார். இந்த முறை ரோட்டைப் பார்க்கவே இல்லை. அண்ணாந்து பஸ்ஸின் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னா தங்கச்சி, எல்லாரும் கோட்டு போட்டு ஒக்காந்திருக்கானுவ. நாலே மூஞ்சிய மாத்தி மாத்தி ஒட்டிருக்கு. ஒருத்தன்கூட சில்லறைக்கு சண்ட போட மாட்டேங்குறான். ஆளுக்கொரு மூஞ்சி வேணும்னா என்னா பண்றது?"

"அதுக்கு மெமரி ஜாஸ்தியா உள்ள பெரிய கார்டு வேணும்ணே."

"அதையே போடு."

அதற்காக, ஆசை ஆசையாகத் தேர்ந்தெடுத்திருந்த கலர் விளக்கு விசிறிகள், பாட்டு பாடும் ஸ்பீக்கர் எல்லாவற்றையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பெரிய கார்டு வந்தது. கத்தரிக்காய் அறுக்கும் பலகை நீளம். கேபினட்டில் நுழையவில்லை. நசீமா வேறு கேபினட் மாற்றச் சொன்னது. கறுப்புக் கண்ணாடியை விட்டுக்கொடுக்க இவர் தயாராக இல்லை. நேராகத் தனக்குத் தெரிந்த லாரி பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போனார். வெல்டர் அதன் முன்பக்கத்தை அறுத்து, தகரம் வைத்து நான்கு அங்குலம் நீட்டி, பட்டி பார்த்து, பெயிண்டும் அடித்துக் கொடுத்தார். பஸ்ஸுக்கு மூக்கு முளைத்ததுபோல் இருந்தது. நசீமா அதைச் சுற்றிச் சுற்றி வந்து செல்போனில் படம் எடுத்துக்கொண்டது.

அதற்கடுத்த வாரம் கண்ணாடி ஊரைக் கலக்க ஆரம்பித்தார். பழைய பயணிகளைத் தேடித் தேடிப் போய், "ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ குடுங்க" என்று கேட்டார். எதற்கு என்றால் பதில் கிடையாது. நர்ஸ் அம்மாவிடம் வாங்கினார். ஜன்னல் சீட்டுக்காக ஆறு வருடம் சண்டை போட்ட இரண்டு டீச்சர்களிடமும் வாங்கினார். பூக்காரம்மா, ஏதோ அரசாங்கத் திட்டம் என்று நினைத்து ஆதார் ஜெராக்ஸையும் சேர்த்தே கொடுத்தது. கவுன்சிலர் தேர்தலுக்கு நிற்கிறார் என்று டீக்கடை முடிவு செய்தது. என்னிடமும் கேட்டார். எதிலாவது மாட்டிவிடுவாரோ என்ற பயத்தோடு, இருந்ததிலேயே மங்கலான ஒன்றைக் கொடுத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கூப்பிட்டு அனுப்பினார். "வண்டி ரெடி. வாங்க சார்."

கம்ப்யூட்டருக்கு மாலை. பிள்ளையார் சுழி. சந்தனத்தை விசிறி ஓட்டையில் பூசப்போன கையை நசீமா பாய்ந்து பிடித்து நிறுத்தியது. சக்கரம் இல்லாததால் எலுமிச்சம்பழத்தை கிளட்ச் பெடலுக்கு அடியில் வைத்துத் தடியால் நசுக்கினார். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டார். மானிட்டரை ஏனோ சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். அவர் பார்ப்பது எங்களுக்குத் தெரியவில்லை.

வண்டி கிளம்பியது. தலை அண்ணாந்தே இருந்தது. முகத்தில் பாதி பெட்டிக்குள். மீதிப் பாதியில் அப்படியொரு சிரிப்பு.

"டீச்சர், இன்னிக்கி அவங்க ஒக்காரட்டும், விடுங்க. பூக்காரம்மா, கூடைய உள்ள தள்ளி வையி, காலு இடறுது."

மலர்க்கொடி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, யாருகிட்ட பேசுறாரு? மண்ட கிண்ட கொழம்பிருச்சா?"

அரை மணி நேரம் ஓட்டினார். குமட்டல் இல்லை. பிறகு வண்டியை நிறுத்தி, ஹெட்செட்டைக் கழற்றி, தன் நாற்காலியில் என்னை உட்காரவைத்து என் தலையில் மாட்டினார். அரியலூர் பஸ் ஸ்டாண்டு வாசல். பக்கத்தில் ஒரு சிமெண்ட் லாரி. இதையெல்லாம் கம்ப்யூட்டருக்குள் வரைந்தவர் ஆண்டிமடத்துக்காரர் ஒருவர் என்றும், அவரை நசீமாதான் பிடித்தது என்றும் பின்னால் தெரிந்துகொண்டேன்.

"மேல பாருங்க சார்" என்றது கண்ணாடியின் குரல்.

பார்த்தேன். நர்ஸ் அம்மா இருந்தார். இரண்டு டீச்சர்களும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தார்கள். பூக்காரம்மா கூடையோடு. மூன்றாவது வரிசை, ஜன்னலோரம், மங்கலாக ஒரு ஆள். தலை கம்பியில் சாய்ந்திருக்க, வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தது. நான்தான்.

என் தோளுக்கு மேலாக ஒரு கை வந்து ஸ்டியரிங்கில் ஹாரனை இரண்டு தடவை சின்னதாகத் தட்டியது. கண்ணாடிக்குள் இருந்த நான் கண்ணைத் திறந்து பார்த்தேன்.

"சார், எறங்குங்க. ஆபீஸ் வந்துருச்சு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்தப் பெட்டியில் ஒரு சௌகரியம், உள்ளே நடப்பது வெளியே தெரியாது. கழற்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

"என்னா சார், கொமட்டுதா? ஜன்னலுக்கு வெளிய எடுங்க" என்றார் கண்ணாடி.

ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, இன்னும் கொஞ்ச நேரம் அவருடைய பஸ்ஸிலேயே இருந்தேன்.