இடி இல்லாத நான்காவது ஆல்பம்

அத்தை வீட்டுப் பின்னறையில் ஒளிந்திருக்கும் அஞ்சாநெஞ்சர் சித்தப்பா அவர்களுக்கு,

தங்கள் அண்ணன் பெற்ற தொல்லை பணிவோடு எழுதிக்கொள்வது. அனைவரும் நலம். தாங்கள் ஃபோனை அணைத்துவிட்டுப் போனதால் இந்தக் கடிதம். நாடே காத்திருந்த செய்தியை முதலில் அறிவித்துவிடுகிறேன்: நம் வீட்டு இடது ஸ்பீக்கர் மறுபடி பேசுகிறது.

இனி சின்னச் செய்தி. உங்கள் ஆல்பம் ஜெயித்துவிட்டது.

கிடார் கடை மாடியில் ரசிகர்களுக்கு அதைப் போட்டுக் கேட்கவைக்கும் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டு ஓடினீர்களே, வந்தவர்கள் எல்லாம் கறுப்புச் சட்டை, குதிக்க வசதியாக நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளிவிட்டார்கள், மூன்று ஆல்பமாகக் குதித்தே பழகிய கால்கள் அல்லவா, நீங்களோ முதல் பாட்டிலேயே கண்ணாடி முன்னால் நின்று 'நான் யார்' என்று கேட்கிறீர்கள், அது தெரியாமலா இத்தனை வருஷம் டிக்கெட் விற்றீர்கள். மூன்றாவது பாட்டில் ஒரு தாடிக்காரர் என் தோளைத் தட்டினார்.

"தம்பி, பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?"

"இதான்ணே பாட்டு."

"டிரம்ஸ்?"

"ஆறாவது பாட்டுல கொஞ்சம் வரும். தண்ணி குடிச்சிட்டு வாங்க."

சுவரோரம் உங்கள் டிரம்மர் இடி அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "இவங்களுக்குப் பிடிக்கலைன்னா நான் குழுவ விட்டுப் போறேன்" என்று வாசலிலேயே சொல்லிவிட்டுத்தான் மாடி ஏறினார்.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. நான் அங்கே தூக்கிப்போன உங்கள் கம்ப்யூட்டரில் 'இறுதி', 'இறுதிக்குப் பின்', 'சத்தியமா இறுதி' என்று ஒரே ஆல்பம் மூன்று இருக்கிறதே, அதில் நடுநடுவே நீங்கள் பேசியதை வெட்டாத பழைய 'இறுதி'யை வேண்டுமென்றே போட்டேன். நான்காவது பாட்டு முடிந்ததும் ஒலிப்பதிவாளர் குரல்: "ஏம்ப்பா, டிரம்ஸே வேணாமா?" பிறகு உங்கள் குரல்: "அவன் அடிச்சா எல்லாரும் அவனத்தான் கேக்குறாங்க. நானும் அவன் சத்தத்துக்குப் பின்னாடியே ஒளிஞ்சு பாடிட்டேன். ஒரு தடவ தனியா நின்னு பாக்குறேன். முடியலைன்னா அவன்கிட்டதான் திரும்பிப் போவேன்."

மாடியில் ஒரு சத்தம் இல்லை சித்தப்பா. குதிக்க வந்தவர்கள் ஒவ்வொருவராகத் தரையில் உட்கார்ந்தார்கள். இடி அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அடுத்த பாட்டுக்கு நாற்காலி முதுகில் இரண்டே விரலால் தாளம் போட்டார், இடி தூறலானது. முடிந்ததும் தாடிக்காரர், "மறுபடி முதல்லேருந்து போடு" என்றார். இடி அண்ணன் என்னிடம் வந்து, "அந்தக் கோழைய நாளைக்கு ஒத்திகைக்கு வரச் சொல்லு. நான் இருப்பேன்" என்றார்.

ஆக, குழுவைக் காப்பாற்றிய பெருமை முழுக்க என்னையே சேரும். அத்தைக்கு வணக்கம். வயதில் சிறியவன் என்றாலும் உங்களுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
தொல்லை

பின்குறிப்பு: 'வேண்டுமென்றே' என்பதை மட்டும் அடித்துவிடுங்கள். எல்லோரும் தூங்கி வழிகிறார்களே என்று நடுவில் ஓர் ஆட்டுக் கத்தலைச் சொருகப் பார்த்தேன். விரல் பழைய 'இறுதி'யில் பட்டுவிட்டது. நீங்கள் பேசத் தொடங்கியதும் பதறிப்போய் மேஜைக்கு அடியில் புகுந்து ஒயரைப் பிடுங்கினேன். அது மின்விசிறியின் ஒயர். சத்தம் நின்றது அதனால்தான். உட்கார்ந்ததும் புழுக்கத்தால் இருக்கலாம். இடி அண்ணன் துடைத்தது கண்ணீரா வியர்வையா என்று ஒத்திகையில் நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு அங்கிருந்து அவருடைய செருப்பு மட்டும்தான் தெரிந்தது.