புள்ளி கிளம்பும் முன்னே

பள்ளியில் நான் எதையும் புரிந்துகொண்டு படித்தவன் இல்லை. எல்லாமே மனப்பாடம். கேள்வியை முழுதாகப் பார்க்காமலே பதிலை எழுதிப் பாஸானவன். (கணக்கையே மனப்பாடம் செய்திருக்கிறேன், சிரிக்காதீர்கள்.) அந்தப் பழக்கம் ஒரு டாக்டர் முன்னால் என் மானத்தை வாங்கிவிட்டது.

நான்கு வருடத்துக்கு முன் நடந்தது. திருக்கனூரில் எங்கள் அத்தாவுக்கு (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) மல்லாட்டை மண்டி. (வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது.) மண்டியில் நின்ற நேரம் போக மீதி நேரமெல்லாம் நான் கபடி ஆடினேன். ஞாயிற்றுக்கிழமை கிருமாம்பாக்கம் அணியோடு இறுதி ஆட்டம். மாநில அணிக்கு ஆள் எடுப்பவர் அதைப் பார்க்க வருவதாக இருந்தது. என் வயதுக்கு இனி அப்படியொரு வாய்ப்பு வராது.

அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகைக்குப் போகும்போது கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் போவது எங்கள் வழக்கம். கடை உண்டு, ஆள்தான் இல்லை என்று அர்த்தம். அத்தா இறக்கிவிட்டு நடக்க ஆரம்பித்த பிறகு, மறந்த தொப்பிக்காக நான் உள்ளே ஓடினேன். எடுத்துக்கொண்டு அதே வேகத்தில் வெளியே வந்தேன். ஏழு பேர் பிடியிலிருந்து குனிந்து நழுவும் என்று பெயரெடுத்த தலை, ஷட்டர் விளிம்பில் நேராகப் போய் மோதியது.

அத்தா திரும்பிப் பார்த்தபோது நான் தரையில் உட்கார்ந்திருந்தேன்.

"இன்னாடா ஆச்சு?"

"ஒண்ணுமில்லத்தா. தொப்பி கீழ வுழுந்துடுச்சி."

சாயங்காலம் இரண்டு முறை வாந்தி எடுத்தேன். வெளிச்சம் கண்ணைக் குத்தியது. பிரியாணி ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். அத்தா நம்பவில்லை. "நாளைக்கு ஆஸ்பத்திரி. டாக்டரு ஆடலாம்னு சொன்னாத்தான் ஆட்டம்" என்று முடித்துவிட்டார்.

எங்கள் கேப்டன் குமரனிடம் ஓடினேன். அவன் பைக்கிலிருந்து விழுந்து அதே ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவன்.

"அங்க புது மிஷின் வச்சிருக்காங்கடா. டிவி மாதிரி இருக்கும். ஒரு புள்ளி வட்டமா சுத்தும். உன் கண்ணு அது பின்னாடியே போவணும். கேமரா கண்ணையே பாத்துக்கினு இருக்கும். கண்ணு தடுமாறிச்சின்னா மண்டைக்குள்ள அதிர்ச்சின்னு கண்டுபுடிச்சிடும்."

"எந்தப் பக்கமா சுத்தும்? எவ்ளோ வேகம்?"

குமரன் ஒரு மல்லாட்டையை எடுத்து என் முகத்துக்கு முன்னால் சுற்றிக் காட்டினான். வலப்பக்கம் ஆரம்பம், நான்கு எண்ணினால் ஒரு சுற்று. தலை விண்விண்ணென்று தெறிக்க, அறுபது தடவையாவது ஒத்திகை பார்த்திருப்பேன். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குக்கூட அவ்வளவு உழைத்ததில்லை.

மறுநாள் ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை என்று வந்தது. எனக்கு உயிர் வந்தது. "ஸ்கேன்ல தெரியாத அடியும் உண்டு" என்று சொல்லி அந்த டாக்டரம்மா என்னைப் புது மிஷின் முன் உட்கார வைத்தார். தாடையை ஒரு தாங்கியில் வைக்கச் சொன்னார். அத்தா பின்னால் நின்றார். அவர் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது.

"புள்ளியப் பாருங்க தம்பி."

பார்த்தேன். இரண்டு புள்ளிகள் தெரிந்தன. இரண்டும் கலங்கலாக. எந்தப் புள்ளியை நம்புவது? நான் மனப்பாடத்தை நம்பினேன். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. கண்ணை அழகாகச் சுழற்றினேன். ஆறு சுற்று முடித்துவிட்டு, பதக்கம் வாங்கியவன்போல் நிமிர்ந்தேன்.

டாக்டரம்மா திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தம்பி, புள்ளி இன்னும் கெளம்பவே இல்லயே! முதல்ல அது நடுவுலயே நிக்கும். மிஷின் உங்க கண்ணோட எடத்தைக் குறிச்சிக்கிறதுக்கு."

(குமரன் இதைச் சொல்லவில்லை. படுபாவி.)

என் கண் போன வழியை மிஷின் கோடாக வரைந்து வைத்திருந்தது. நடுவில் அசையாமல் ஒரு புள்ளி. சுற்றிலும், யாரும் கேட்காத ஆறு வட்டங்கள். அதன் பிறகு புள்ளியை நிஜமாகவே சுற்றவிட்டார்கள். அப்போது வந்த கோடு கோழி கிளறிய குப்பைபோல் இருந்தது.

அத்தா திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் என் தோளில் கை வைத்தார்.

"உண்மைய சொல்லுடா. எத்தினி புள்ளி தெரியுது?"

"ரெண்டுத்தா" என்றேன். அதற்கு மேல் முடியவில்லை, அழுதுவிட்டேன்.

"இது ஆறுறதுக்குள்ள இன்னொரு அடி பட்டா உயிருக்கே ஆபத்து" என்றார் டாக்டரம்மா. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு நான் போகவில்லை. மைதானத்துக்கு ஓடிவிடுவேனோ என்று அத்தா மண்டிக்குப் பூட்டுப் போட்டுவிட்டு என் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தார். நான் இல்லாமலே எங்கள் அணி ஜெயித்தது. குமரனை மாநில அணிக்கு எடுத்தார்கள். தலைவலி மூன்று வாரத்தில் போனது. இந்த வலி இன்னும் போகவில்லை.

பிறகு எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், யாரும் கேட்பதற்கு முன்பே "எனக்குச் சம்மதம்" என்று சொல்லிவிட்டேன். அத்தா சபையிலேயே, "புள்ளி இன்னும் கெளம்பலடா" என்றார். இப்போது அதை என் மனைவி தினமும் சொல்கிறாள்.

வெள்ளிக்கிழமைகளில் அத்தா ஷட்டரைப் பாதிக்கு இறக்கி, அதன் விளிம்பில் தன் உள்ளங்கையைக் கொடுத்து மறைத்துக்கொண்டு நிற்கிறார்.

"எத்தினி புள்ளி?"

"ஒண்ணுத்தா."

நான் குனிந்து வெளியே வந்த பிறகுதான் கையை எடுக்கிறார்.