தரகர் விரித்த துண்டு

ஆஸ்பத்திரி எடை மிஷினிடமே "ரெண்டு கிலோ கூட்டிக் காட்டேன்" என்று பேரம் பேசிய ஆள் உலகத்திலேயே ஒருத்தர்தான். எங்கள் மாட்டுத் தரகர். உசிலம்பட்டிச் சந்தையில் ஆயுசெல்லாம் மாடு பிடித்துக் கொடுத்துவிட்டு, திருநகரில் மகள் வீட்டோடு வந்து சேர்ந்தவர். எனக்கு அடுத்த வீடு. நான் அவருக்கு மாப்ள, அவர் எனக்கு மாமா. சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறதென்று மகள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். துணைக்கு நான். எலும்பு மஜ்ஜையில் கோளாறு, வயதானவர்களுக்கு வருவது என்றார் டாக்டரம்மா.

"ரத்த அணு முழுசா வளரவே மாட்டேங்குதுங்கய்யா. அரைகுறையா நின்னுபோகுது."

"பல்லுப் போடாத கன்னாவே நிக்கிதாக்கும்? எந்தச் சந்தையில வெல போகும்?"

"ஹீமோகுளோபின் ஆறுதான் இருக்கு."

"ஒனக்கும் வேணாம், எனக்கும் வேணாம் தாயி. எட்டுன்னு முடிச்சுக்க."

டாக்டரம்மா முடிக்கவில்லை. ரத்தம் ஏற்றச் சொன்னார். ரத்த வங்கியில் பதிலுக்கு ரத்தம் கொடுக்க ஆள் கேட்டார்கள். ஊசியைக் கண்டால் கண்ணை இறுக்க மூடிக்கொள்ளும் வீரனான நான் முன்வந்தேன். தரகர் லேசில் விடுவாரா?

"வாயத் தெற மாப்ள."

திறந்தேன். ஆஸ்பத்திரி வராந்தாவில், அத்தனை பேர் பார்க்க.

"கடைவாயில சொத்தை. சுழி பாக்கலாம்னா தலையில முடியில்ல. தீனி ஏறியிருக்கு, ஒழப்பு இல்ல. ம்... அவசரத்துக்கு ஓட்டிக்கிறலாம்."

ஏற்றிய ரத்தம் வரவர சீக்கிரமே போதாமல் போனது. மாதாமாதம் ஒரு வாரம் ஊசி போட்டுப் பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா. தரகர் முறுக்கிக்கொண்டார்.

"போட்டா எம்புட்டு நாளு, போடாட்டி எம்புட்டு நாளு? அதச் சொல்லாம கைய நீட்ட மாட்டேன்."

சொல்லிவிடாதீர்கள் என்று மகள் டாக்டரம்மாவைக் கண்ணாலேயே கெஞ்சினாள். அதைத் தரகரும் பார்த்துவிட்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்து மேஜைமேல் விரித்தார்.

"கைய உள்ள விடு தாயி. நமக்குள்ள இருக்கட்டும்."

மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. துண்டுக்கடியில் விரலைப் பிடித்தே பேசி முடிப்பார்கள். டாக்டரம்மா கொஞ்சம் யோசித்தார். பிறகு கையை உள்ளே விட்டார். துண்டு அசைந்தது.

"இது போடாட்டியா?"

"ஆமாங்கய்யா."

மறுபடி அசைந்தது.

"இது போட்டா. அதுவும் ஒடம்பு மருந்துக்குக் கேட்டாத்தான்" என்றார் டாக்டரம்மா.

நான் கழுத்தை ஒட்டகமாக நீட்டியும் ஒன்றும் தெரியவில்லை. தரகர் முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை. அதுதானே அவர் தொழில்.

"இன்னும் ஒரு வெரலு சேத்துக் குடு தாயி."

"என் கையில இல்லைங்கய்யா."

தரகர் துண்டை உதறித் தோளில் போட்டார். "சரி, படிஞ்சிருச்சு. ஊசியப் போடு."

திரும்பும்போது மகள் கார் ஓட்டினாள். பின்சீட்டில் அவர் காதோரம் கேட்டேன்: "எத்தன வெரலு மாமா?"

"துண்டுக்குள்ள பேசுனத வெளிய சொல்றவன் தரகனா மாப்ள?"

பழங்காநத்தம் தாண்டியபோது துண்டு என் கைமேல் விழுந்தது. அடியில் அவர் கை வந்து, என் அஞ்சு விரலையும் சேர்த்துப் பிடித்தது.

"இது எம்புட்டு மாமா?"

"வெலயில்ல. சும்மா இரு."

மறுகையில் அவருடைய மருந்துப் பை. திருநகர் வரும்வரை எனக்கு மூக்கு அரித்தது. கையை உருவிச் சொறிந்துகொள்ளவில்லை.