இரையாத பெட்டி

உலகத்திலேயே மிக அமைதியான கணினி கல்முனைக்குடியில்தான் பிறந்தது. வரலாறு இதை இன்னும் கவனிக்கவில்லை. அது வரலாற்றின் அசட்டை.

அதன் பிதா முத்தலிப் ஹாஜியார். சுனாமிக்குத் தப்பிய புகைப்படங்களைக் காப்பதற்கென்று அவர் தலைமையில் 'நினைவுப் பாதுகாப்புச் சங்கம்' இயங்கியது. உப்புத் தண்ணீரில் ஊறிய படங்களை ஊர் கொண்டுவந்து கொடுத்தது. போன், போட்டோகொப்பி என்று கொமியூனிகேஷன் கடை வைத்திருந்த ஹஸன் அவற்றை ஸ்கேன் செய்து, கடையின் கிழட்டுக் கணினியில் ஏற்றினார். கடற்தொழில் செய்யும் மீராசாவின் மனைவி அடையாள அட்டைக்கு எடுத்த படம், ஸ்கேன் ஆனபின் கண்ணாடியிலிருந்து உரிக்கும்போதே பொடிந்துவிட்டது. கடலோடு போனவளுக்கு வேறு படம் கிடையாது. அவள் முகம் இப்போது அந்தக் கணினியில் மட்டுமே இருந்தது.

இரவு பகல் ஓடும் சேமிப்புக் கணினிப் பெட்டி ஒன்று கட்டினால் படங்கள் பத்திரமாக இருக்கும் என்றார் ஹஸன். சங்கத்துக்குக் கட்டடம் இல்லை. பெட்டியைத் தம் வீட்டு ஹோலில் வைக்க ஹாஜியார் இசைந்தார். அது தியாகம். தியாகத்துக்கு இரண்டே நிபந்தனைகள்: இரையக் கூடாது, கரண்ட் குடிக்கக் கூடாது.

"மவுத்தாப் போனவங்கட படம் இரிக்கிற பெட்டி. மரியாதையா இரிக்கணும்," என்றார். தமது பகல் தூக்கத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. பெட்டி தயாராகும்வரை எவருக்கும் படங்களைக் காட்டவோ, பிரதி எடுக்கவோ, அச்சிடவோ கூடாது, திறப்பு விழாவில்தான் வழங்கப்படும் என்றும் 'ஏகமனதாக' முடிவாயிற்று.

தொழில்நுட்ப உபகுழு கூடியது. ஹஸன் ஒரு மதர்போர்டைக் கொண்டுவந்தார். புரொசஸர் அதிலேயே பற்றவைத்து வரும். ஒரு மின்குமிழ் எரிகிற கரண்டே போதும்.

"விசிறி இரிக்கா?"

"சின்னதொண்டு இரிக்கி, ஹாஜியார்."

"சின்ன விசிறிதான் கூட இரையும்."

'மரியாதைக் குறைவு' காரணமாக அது நிராகரிக்கப்பட்டது. அடுத்ததற்கு விசிறி இல்லை. ஹார்ட் டிஸ்க் செருக இடமும் இல்லை. அதற்கடுத்தது அருமையானது. ஆனால் அதைவிடக் குறைவாகக் குடிப்பது வரப்போகிறதென்று ஹாஜியார் ஒரு சஞ்சிகையில் வாசித்துவிட்டார். புதுப் போர்ட் என்றால் ஹஸனுக்கும் நாவூறும். காத்திருந்தார்கள். யுத்தம் முடிந்தது. உபகுழு முடியவில்லை.

ஜும்ஆ முடிந்து வரும்போதெல்லாம் மீராசா வழிமறிப்பார்.

"ஹாஜியார், மனுசிட படத்த எப்ப பாக்கலாம்? முகம் மறந்து போகுது."

"அவசரப்படாதீங்க, மீராசா. அவசரத்தில வாங்கினா இரையும்."

ஒருநாள் ஹஸன் பதறிக்கொண்டு வந்தார். "கடை டிஸ்க் டிக் டிக்கெண்டு அடிக்கிது, சாகப் போகுது. எந்த போர்ட் எண்டாலும் வாங்குவம்!"

"பாத்தீங்களா, சத்தம்!" ஹாஜியாரின் முகம் மலர்ந்தது. "இதுக்குத்தான் நான் இவ்வளவு காலமும் கதைச்சது."

விரைவில் அந்த டிக் டிக்கும் நின்றது. டிஸ்கைக் கொழும்புக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார்கள். அங்கே கையை விரித்துத் திருப்பிக் கொடுத்தார்கள்.

ஆனாலும் சங்கம் தளரவில்லை. ஒப்பற்ற போர்ட் கடைசியில் வந்தே விட்டது. திறப்பு விழாவன்று ஹாஜியார் பெட்டியில் காதை வைத்துக் கண்களை மூடினார். நெஞ்சு நிறைந்தது.

"ஒண்டும் கேக்குதில்ல!"

ஊரும் மூச்சை அடக்கிக் கேட்டது. வெள்ளைச் சாறன் உடுத்து முன்வரிசையில் இருந்த மீராசா எழுந்து வந்தார்.

"படம்?"

 படங்கள் 'தற்சமயம்' இல்லை என்றும், அவற்றுக்கான இடம் முழுப் பாதுகாப்புடன் தயாராக உள்ளது என்றும் ஹாஜியார் விளக்கினார்.

மீராசா பெட்டியின்மேல் கையை வைத்தார். சூடுகூட இல்லை.

"கடல் கொண்டு போகக்குள்ள இரைச்சலாவது கேட்டிச்சி, ஹாஜியார்," என்றார். "நீங்க சத்தமே இல்லாம கொண்டு போயிட்டீங்க."