முந்தி முடித்தவர்களுக்கு மட்டும்

மாலை ஐந்து மணிக்குள் ஒரு விருப்பப் பாடத்தைத் தேர்ந்தெடுக்காவிட்டால் சங்கரிக்கு எம்.ஆர்க். பட்டம் இல்லை. பட்டம் இல்லாவிட்டால் சென்னையில் அவளுக்காகக் காத்திருக்கும் வேலை இல்லை. இருந்ததோ மூன்றே பாடங்கள். மூன்றிலும் அவளுக்கு இடமில்லை.

‘பசுமைக் கட்டடம்’ நிரம்பிவிட்டது. அதற்குப் பரீட்சை சுலபம் என்று செய்தி பரவியதும் வகுப்பில் ஆளாளுக்குச் சுற்றுச்சூழல்மேல் அக்கறை பொங்கிவிட்டது. ‘நகர வடிவமைப்பு’ சரியாக அவளுடைய தீசிஸ் ஸ்டூடியோ நேரத்தில் நடந்தது. மிச்சம் ‘கோயில் கட்டடப் பாதுகாப்பு’. அதில் சேர வேண்டுமானால் முதல் வருடத்தில் ‘கட்டட அளவீடு’ படித்து முடித்திருக்க வேண்டும். சங்கரியின் முதல் வருடத்தில் அந்தப் பாடமே நடக்கவில்லை. நடத்த வேண்டிய துறைத்தலைவர் டாக்டர் மாணிக்கவேல், அந்தப் பாடம் எவ்வளவு முக்கியம் என்று பேசுவதற்காக வெளிநாடு போயிருந்தார்.

“ஸ்டூடியோ நேரத்தை மாத்திக்கோ, நகர வடிவமைப்பு எடுத்துக்கோ. சிம்பிள்” என்றாள் தோழி அபி. ‘பசுமைக் கட்டட’த்தில் முதல் ஆளாக இடம் பிடித்தவள் அவள். அவளுக்கு எல்லாமே சிம்பிள்தான்.

ஆபீஸில் மேரி மேடம் நேரத்தை மாற்றிக் கொடுத்தார். மாற்றிய கையோடு கம்ப்யூட்டர் சங்கரியின் தீசிஸைத் தூக்கிவிட்டது.

“ஸ்டூடியோ நகர்ந்தா தீசிஸும் போயிடுதும்மா. சிஸ்டம் அப்படித்தான் எடுத்துக்குது.”

“பழையபடியே மாத்திடுங்க மேடம்.”

“மாத்திட்டேன். தீசிஸ் வந்துடுச்சு. ஆனா இப்ப உன்னை முதல் வருஷம்னு காட்டுது.”

சங்கரிக்கு அந்த நிலையிலும் ஒரு நப்பாசை எட்டிப் பார்த்தது.

“முதல் வருஷம்னா கட்டட அளவீடு எடுக்கலாம் இல்லையா?”

“எடுக்கலாம். ஆனா அதுகூடவே கோயில் பாதுகாப்பும் எடுத்திருக்கணும்னு போட்டிருக்குது.”

“அதுல சேரத்தானே இதை முடிச்சிருக்கணும்?”

மேரி மேடம் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “ஆமா. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு கை காட்டிக்கினு நிக்குது.”

எப்படியோ போராடி அவளை மறுபடி இரண்டாம் வருடத்துக்குக் கொண்டுவந்து சேர்த்த மேரி மேடம், கடைசியாக ஒரு வழி சொன்னார். துறைத்தலைவர் விலக்குக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டால் கோயில் பாதுகாப்பில் நேராகவே சேரலாம்.

டாக்டர் மாணிக்கவேல் எல்லாருக்கும் கட்டாயமான ‘தொழில் அறம்’ பாடத்தை நடத்துபவர். கேண்டீனில் டீ சொல்லும்போதுகூட மேடையில் நிற்பவர்போலத்தான் சொல்வார்.

“விதி என்பது தூண், சங்கரி. ஒரு தூணை உருவினால் மண்டபம் என்னவாகும்?”

மொத்தம் எத்தனை தூண் என்று தெரியாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. ஆயிரங்கால் மண்டபம் என்றால் ஒன்றும் ஆகாது. சங்கரி இதைச் சொல்லவில்லை. “சரி சார்” என்று வெளியே வந்தாள்.

அறை வாசலில் ஸ்டூல் போட்டு அட்டெண்டர் பரசுராமன் உட்கார்ந்திருந்தார்.

“இன்னாம்மா, கையெழுத்து ஆவலையா?”

“இல்லண்ணா. விதி தூணாம்.”

“முந்தி இருக்குதா உங்கிட்ட?”

“முந்தி முடிச்சிருக்க வேண்டிய பாடம்தானே? அது இல்லாததுதான் பிரச்சினை.”

“முந்தி இல்லாம சார் பேனாவையே தொறக்க மாட்டாரும்மா. உன் சீனியருங்க எல்லாம் முந்தியை முடிச்சிக்கினுதான் வந்தாங்க.”

“அவங்களுக்கெல்லாம் நடந்துச்சுண்ணா. எங்க பேட்சுக்கு நடக்கலையே.”

பரசுராமன் அவளை ஒரு மாதிரி பார்த்தார். “உனக்குச் சொன்னா புரியாது. அப்பா நம்பரு எங்கிட்ட இருக்குது, நானே பேசிக்கறேன்.”

“வேணாம்ணா. அவருக்கு பி.பி. இருக்குது. நான் ஃபெயில்னு நெனச்சிப்பாரு.”

அதற்குள் அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு படிக்கட்டு வரை போய்விட்டார்.

நான்கரை மணிக்குப் பிள்ளையார்பாளையத்திலிருந்து அப்பா பஞ்சாட்சரம் தறியை நிறுத்திவிட்டு மொபெட்டில் வந்து இறங்கினார். நெற்றியில் விபூதி வியர்வையில் கரைந்திருந்தது. கையில் ஒரு ஜவுளிப் பை.

“அழுவாத. முந்தி எப்பவோ முடிஞ்சிடுச்சு” என்றார்.

“எந்த முந்திப்பா?”

“புடவை முந்திதான். அந்த ஆளு போன்ல சொன்னாரே, முந்தி இல்லாம கையெழுத்து கெடையாதுன்னு. முந்தியை மட்டும் கத்திரிச்சா குடுக்க முடியும்? அதான் சொசைட்டிக்குப் போட வேண்டிய புடவையை முழுசா எடுத்தாந்துட்டேன்.”

“அய்யோ அப்பா, அவரு சொன்ன முந்தி அது இல்லப்பா. முன்னாடி வருஷம் படிச்சிருக்க வேண்டிய பாடம். அவரு யாரு தெரியுமா? எங்களுக்குத் தொழில் அறம் எடுக்கறவரு.”

அவள் சொல்லி முடிப்பதற்குள் பரசுராமன் கதவைத் திறந்து, “வாங்க பெரியவரே” என்று அவரை உள்ளே விட்டிருந்தார். சங்கரி பின்னாலேயே ஓடினாள்.

பஞ்சாட்சரம் மேஜைமேல் பையை வைத்தார். துறைத்தலைவர் இரண்டு விரலால் அதன் வாயை விலக்கிப் பார்த்தார். அரக்கு நிறத்தில் ஜரிகை மின்னியது. அவர் முகம் இருண்டது.

“என்ன இது?”

“முந்திங்க சார். கூடவே புடவையும் இருக்குதுங்க.”

“நான் கேட்டது இதுவா?” பையைத் தள்ளிவிட்டார். “ஒவ்வொரு வருடமும் ஒவ்வொருவரும் இதையே கொண்டுவந்து என் மேஜையில் வைக்கிறீர்கள். ஒருவராவது யோசித்தீர்களா? இதைத் தூக்கிக்கொண்டு நான் வீட்டுக்குப் போக முடியுமா? என் மனைவி முகத்தில் விழிக்க முடியுமா?”

பஞ்சாட்சரத்தின் கை தானாகக் குவிந்தது. சங்கரி முன்னால் வந்தாள்.

“மன்னிச்சிடுங்க சார். அப்பா முந்தின்னா புடவை முந்தின்னு நெனச்சிட்டாரு. பரசுராமண்ணன் சொன்னது ப்ரீ-ரெக்விசிட்னு அவருக்குத் தெரியல.”

துறைத்தலைவர் அவளையே வெறித்துப் பார்த்தார். பிறகு இருமினார்.

“ப்ரீ-ரெக்விசிட். ஆமாம். அதைத்தான் சொல்கிறேன். எடுத்துக்கொண்டு போங்கள்.”

வெளியே வந்ததும் பஞ்சாட்சரம் சுவரில் சாய்ந்துகொண்டார். “நான்தான் கெடுத்துட்டேன். ஒரு வருஷத்தைக் கெடுத்துட்டேன்.”

“விடுப்பா. நல்ல மனுஷன். வேற யாராவது இருந்தா போலீஸுக்குச் சொல்லியிருப்பாங்க” என்றாள் சங்கரி, கண்ணைத் துடைத்தபடி. சென்னை வேலைக்கு என்ன எழுதுவது என்று மனம் வாக்கியம் தேட ஆரம்பித்திருந்தது.

கதவு திறந்தது. பரசுராமன் வெளியே வந்து, சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு அவள் பக்கமாகக் குனிந்தார்.

“அப்பா சரியாத்தாம்மா புரிஞ்சிக்கினாரு, நீதான் கோட்டை வுட்டே. அரக்கு கலரு சார் வீட்டம்மா ஏற்கெனவே அடுக்கி வெச்சிருக்காங்க, மயில்கழுத்து கலர்ல இருந்தா இப்பவே எடுத்தாரச் சொல்றாரு.”